காதுக்கு எட்டாத ஆங்கிலம்

எஸ்.பி.எம். தேர்வில் ஆங்கிலத்திற்கு இப்போது நான்கு தாள்கள். வாசிப்பு, எழுத்து, பேச்சு, கேட்டல் என்று நான்குக்கும் சரிசமமாக 25 விழுக்காடு. கேட்டல் தாளின்போது தேர்வு மண்டபத்தில் ஒலிப்பதிவு ஓடும். மாணவன் கேள்வியில் ஒரு கண்ணும் ஒலியில் ஒரு காதுமாக உட்கார்ந்திருக்க வேண்டும். சொன்னதையே இரண்டு முறை சொல்வார்கள். மூன்றாவது முறை கிடையாது. மொத்தம் 30 கேள்விகள்.

2021-ஆம் ஆண்டுக்கான எஸ்.பி.எம். தேர்வில்தான் இது அறிமுகமானது. பள்ளி இறுதிச் சான்றிதழில் ஆங்கிலத்தின் கால் பங்கு மதிப்பெண்ணைக் காதுக்கு ஒதுக்கியது அதுவே முதல் தடவை. பினாங்கும் சிங்கப்பூரும் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் கேம்பிரிட்ஜ் தேர்வு முதன்முதலாக நடத்தப்பட்ட ஆண்டு 1891. இடையில் 130 ஆண்டுகள். அத்தனை காலமும் ஆங்கிலம் தெரிந்தவன் யார், தெரியாதவன் யார் என்று பெரும்பாலும் தாளைப் பார்த்துத்தான் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்ப்பில் சிக்கியவர்களில் இரண்டு கூட்டத்தாரை நெகிரி செம்பிலானில் அருகருகே காணலாம். ஒருவர் தோட்டத்து லயத்தில் பிறந்த தமிழ்ப் பிள்ளை. மற்றவர் அதே தோட்டத்தின் எல்லைக்கு அப்பால் வாழ்ந்த சீனப் பிள்ளை.

லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரத் தோட்டங்களில் தமிழர்கள் பால்மரம் வெட்டியது எல்லாருக்கும் தெரியும். சீனர்களும் வெட்டினார்கள் என்பதைப் பலர் மறந்துவிட்டனர். அவர்கள் சீனக் குத்தகைக்காரர்களின் கீழ் வேலை செய்தார்கள். 1937-ஆம் ஆண்டில் நெகிரி செம்பிலானிலும் சிலாங்கூரிலும் நடந்த தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தங்களைத் தொடங்கியவர்கள் சீன மரம்வெட்டிகள்தான். அவசர காலம் வந்தபோது, தோட்டத்து ஓரங்களிலும் காட்டோரங்களிலும் சிதறி வாழ்ந்த சீனக் குடும்பங்களை 1950 முதல் கம்பிவேலி போட்ட புதுக்கிராமங்களில் கொண்டுவந்து குடியேற்றினார்கள். தமிழ்ப் பிள்ளை லயத்தில், சீனப் பிள்ளை புதுக்கிராமத்தில். இரண்டு இடத்திலும் ஆங்கிலம் பேச்சு மொழி அல்ல. தோட்டத்தில் ஆங்கிலம் பேசியது துரை. அதைக் கேட்டது கிராணி. பிரட்டுக்களத்தில் நின்றவர்களுக்கு அது தமிழாக மாறித்தான் வந்து சேர்ந்தது.

சிரம்பானில் ஆங்கிலப் பள்ளிகள் இல்லாமல் இல்லை. செயிண்ட் பால் பள்ளி 1899-இல் தொடங்கியது. பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் பள்ளி என்று பெயர் பெற்ற அரசாங்க ஆங்கிலப் பள்ளி 1923-இல் தொடங்கியது. ஆனால் அவை பட்டணத்துப் பள்ளிகள். சம்பளம் கட்டிப் படிக்க வேண்டும், போய்வர வண்டி வேண்டும். அதே 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், 7 முதல் 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி வைக்க வேண்டும் என்றது. நிர்வாகமும் வைத்தது. பல தோட்டங்களில் கிராணியோ கங்காணியோ வாத்தியார். எழுதப் படிக்கத் தமிழ், கொஞ்சம் கணக்கு. அதற்கு மேல் போக அந்தப் பள்ளியிலிருந்து பாதை போடவில்லை.

சீனர்களின் நிலை சற்று வேறு. அவர்கள் சொந்தமாகப் பணம் திரட்டிப் பள்ளி கட்டினார்கள். சிரம்பான் சுங் ஹுவா பள்ளி 1913-இல் தோன்றியது. சீன இடைநிலைப்பள்ளிகளில் ஆங்கிலமும் ஒரு பாடம். புத்தகங்கள் ஷங்ஹாயில் அச்சாகி வந்தன. இலக்கணத்தை மனப்பாடம் செய்வது, வாக்கியத்தைச் சீனத்தில் பெயர்ப்பது என்று பாடம் நடந்தது. கண்ணால் கற்ற ஆங்கிலம்.

இந்த முறைக்கு ஒரு நியாயமும் சொல்லப்பட்டது. அதைச் சொன்னவர் மைக்கேல் வெஸ்ட். அவர் வங்காளத்தில், டாக்காவில் பணியாற்றிய ஆங்கிலேயக் கல்வி அதிகாரி. 1926-இல் வெளிவந்த தம் நூலில், பெரும்பாலான பிள்ளைகள் பாதியில் பள்ளியை விட்டுவிடுகிறார்கள், அவர்களுக்கு ஆங்கிலம் பேச ஆளும் கிடையாது, ஆகவே முதலில் வாசிக்கக் கற்றுக்கொடுப்பதே பலன் தரும் என்ற வாதத்தை வைத்தார். அவருடைய வாசிப்புப் புத்தகங்கள் காலனி நாடுகள் பலவற்றில் பரவின. வெஸ்ட் ஏழைப் பிள்ளையை நினைத்துத்தான் அப்படிச் சொன்னார். அதில் குறை காண்பது கடினம். ஆனால் வாசித்தால் போதும் என்பது ஒரு தொடக்கம். அதையே தேர்வின் முடிவாகவும் ஆக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதை மலாயா பார்த்தது.

காதைச் சோதிக்க வேண்டும் என்ற எண்ணமே அந்தக் காலத்தில் இல்லை என்று சொல்லிவிட முடியாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-இல் அயல்நாட்டு ஆங்கில ஆசிரியர்களுக்கென்று ஒரு தேர்வு தொடங்கியது. அதில் சொல்வதெழுதுதல் இருந்தது, உரக்க வாசித்தல் இருந்தது, உரையாடலும் இருந்தது. முதல் ஆண்டில் எழுதியவர்கள் மூவர். மூவருமே தோற்றார்கள்! காதுக்கு மட்டும் தனித்தாள் அந்தத் தேர்வில் 1975-இல்தான் வந்தது.

சொல்வதெழுதுதல், அதாவது டிக்டேஷன், மலாயாப் பள்ளிகளிலும் நடந்தது. ஆனால் அதில் ஒரு சூட்சுமம் உண்டு. வாசிப்பவர் மாணவனின் சொந்த ஆசிரியர். சிரம்பான் பக்கத்துப் பள்ளிகளில் அவர் யாழ்ப்பாணத்தாராகவோ மலையாளியாகவோ இருக்கக்கூடும். ஆண்டு முழுவதும் கேட்டுப் பழகிய குரல், பழகிய உச்சரிப்பு, எழுதி முடிக்கும் வரை பொறுத்து நிற்கும் வேகம். அந்தக் காது ஒரு குரலுக்கு மட்டுமே பழகிய காது. முகம் தெரியாத ஒருவர், தம் போக்கில் பேசும் ஆங்கிலத்தைப் புரிந்துகொள்வது வேறு வித்தை.

புகுமுக வகுப்பு

1956-இல் ரசாக் அறிக்கை வந்தது. தமிழ், சீனத் தொடக்கப்பள்ளிகள் நாட்டின் கல்வி முறைக்குள் வந்தன. மலாயும் ஆங்கிலமும் எல்லாப் பள்ளிகளிலும் கட்டாயப் பாடங்கள் ஆயின. 1957-இல் நாட்டில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. பெரும்பாலானவை தோட்டப்பள்ளிகள். தமிழில் இடைநிலைப்பள்ளி கிடையாது. ஆகவே 12 வயதில் தமிழ்ப் பிள்ளை வேறு மொழிக்குத் தாவியாக வேண்டும். தாண்டுவதற்கு முன்னால் ஒரு சுவரும் இருந்தது. 1964 வரை நடந்த இடைநிலைப்பள்ளி நுழைவுத் தேர்வு வடிகட்டியது போக, மாணவர்களில் சிறு பகுதியினருக்கே மேற்கொண்டு இடம் கிடைத்தது. மற்றவர்களுக்கு வேட்டுக்கத்தியோ மண்வெட்டியோ காத்திருந்தது. 1965 முதல் அந்தத் தேர்வு இல்லை. எல்லாப் பிள்ளைகளும் மூன்றாம் படிவம் வரை போகலாம் என்று ஆனது. தோட்டத்திலிருந்தும் புதுக்கிராமத்திலிருந்தும் பிள்ளைகள் பட்டணத்து இடைநிலைப்பள்ளிக்குப் பேருந்து ஏறினார்கள்.

அவர்களை வரவேற்றது புகுமுக வகுப்பு. ரிமூவ் கிளாஸ் என்றே அந்தத் தலைமுறை சொல்லும். தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் ஆறு ஆண்டு முடித்தவர்கள் படிவம் ஒன்றில் நுழைவதற்கு முன் ஓராண்டு ஆங்கிலம் கற்க வேண்டும். கணக்கில் வகுப்பு முதல்வனாக இருந்தவனும் அங்கே போய் அரிச்சுவடியிலிருந்து தொடங்கினான். ஆங்கிலப் பள்ளியில் படித்த அவன் வயதுப் பிள்ளை நேரே படிவம் ஒன்றுக்குப் போய்விட்டான். ஓராண்டு பின்தங்கியது ஓர் அவமானமாகவே பலருக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த வகுப்பின் மதிப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தமிழ்ப் பிள்ளையும் சீனப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, இருவருக்குமே அந்நியமான ஒரு மொழியை நாள் முழுவதும் காதால் கேட்ட இடம் அது. தமிழனுக்குச் சீனம் தெரியாது, சீனனுக்குத் தமிழ் தெரியாது. பேசிக்கொள்ள வேண்டுமென்றால் அரைகுறை மலாய், அல்லது அரைகுறை ஆங்கிலம்.

அதற்குப் பிறகுதான் உண்மையான சோதனை. படிவம் ஒன்றில் வரலாறு, பூகோளம், அறிவியல், கணிதம் எல்லாமே ஆங்கிலத்தில். ஆசிரியர் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும். நாள்தோறும் ஐந்தாறு மணி நேரம் நடந்த அந்தக் கேட்டல் தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது. ஆனால் அதில் தோற்றவன் மூன்றாம் படிவத்து எல்.சி.இ. தேர்வில் எல்லாப் பாடத்திலும் தோற்றான். அவனுக்குப் பூகோளம் தெரியாது என்று சான்றிதழ் சொன்னது. பூகோளம் ஆங்கிலத்தில் காதில் விழுந்தபோது அவனுக்குப் பிடிபடவில்லை என்பதை எந்தச் சான்றிதழும் சொல்லவில்லை. கேம்பிரிட்ஜ் பள்ளிச் சான்றிதழோ இன்னும் கறாரானது. மற்றப் பாடங்களில் எவ்வளவு தேறினாலும் ஆங்கிலத்தில் தவறினால் சான்றிதழே இல்லை என்ற நிலை அதில் இருந்தது.

இதே காலத்தில் சீன இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்கு ஒரு பெரிய திருப்பம் வந்தது. 1960-இல் ரஹ்மான் தாலிப் அறிக்கை, 1961-இல் கல்விச் சட்டம். இனி அரசாங்கப் பொதுத் தேர்வுகள் நாட்டின் அதிகாரத்துவ மொழிகளில் மட்டுமே நடக்கும் என்று முடிவாயிற்று. அப்போது அந்த இடத்தில் ஆங்கிலமும் இருந்தது. அரசாங்க உதவி வேண்டுமென்றால் சீனப்பள்ளி மொழி மாற வேண்டும். நாடு முழுவதும் ஐம்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகள் மாறின. சீன மொழியில் வேதியியல் படித்துக்கொண்டிருந்த பள்ளிகள் ஆங்கிலத்தில் தேர்வு எழுதத் தயாராயின. மாறாதவை சுயேச்சைப் பள்ளிகள் ஆயின. நெகிரி செம்பிலானில் சிரம்பானிலும் போர்ட்டிக்சனிலும் உள்ள இரண்டு சுங் ஹுவா பள்ளிகள் இன்றும் சுயேச்சையாக நடக்கின்றன. 1975 முதல் அந்தப் பள்ளிகளுக்கென்று யூ.இ.சி. தேர்வும் உண்டு. ஆங்கிலம் அங்கே ஒரு மொழிப்பாடம்.

இங்கேதான் இரண்டு பிள்ளைகளின் பாதை பிரிகிறது. சீனப் பிள்ளைக்கு, ஆங்கிலம் காதில் ஏறாவிட்டாலும் தன் மொழியிலேயே கணிதமும் அறிவியலும் தொடர்ந்து படிக்க ஒரு கதவு திறந்திருந்தது. கட்டணம் உண்டு, கஷ்டம் உண்டு, ஆனால் கதவு இருந்தது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு இருந்தது ஒரே கதவு. அதன் பூட்டு ஆங்கிலத்தில் இருந்தது.

பிறகு பூட்டு மாறியது. 1970-இல் முதலாம் வகுப்பில் தொடங்கி ஆங்கிலப் பள்ளிகள் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக மலாய்க்கு மாறின. 1976-இல் படிவம் ஒன்று, 1980-இல் படிவம் ஐந்து, 1982-இல் படிவம் ஆறின் மேல்வகுப்பு. புகுமுக வகுப்பும் நின்றுவிடவில்லை. அது மலாய்மொழிக்கான புகுமுக வகுப்பாயிற்று. ஆங்கிலம் வாரத்தில் சில பாடவேளைகளுக்குச் சுருங்கியது. தோட்டத்தில் அதைக் கேட்க வேறு வழியும் அரிது. கல்வித் தொலைக்காட்சி 1972-இல் தொடங்கியது உண்மைதான். ஆனால் பொழுது சாய்ந்த பிறகு ஜெனரேட்டர் ஓடும் தோட்டத்தில் பகல் நேர நிகழ்ச்சி யாருக்குப் பயன்படும்? ஆங்கிலம் மறுபடியும் புத்தகத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கண்ணுக்குத் தெரிவது, காதில் தவறுவது

வாசிப்பில் தேறுகிற பிள்ளை கேட்டலில் ஏன் தடுக்கி விழுகிறான்? மூளைக் குறைவு என்று சொல்லிவிடுவது சுலபம். காரணம் வேறு இடத்தில் இருக்கிறது.

'பேக்' என்று தமிழில் எழுதிக் காட்டினால் அது பையா, முதுகா, மூட்டை கட்டுவதா? ஆங்கிலத்தில் மூன்றும் மூன்று சொற்கள். தமிழ் எழுத்தில் 'ப' ஒன்றுதான், 'க' ஒன்றுதான். பணம், பயம் என்று சொல்லும்போது சொல்லின் தொடக்கத்தில் வாய் வேற்றுமை காட்டிவிடும். ஆனால் ஆங்கிலச் சொல்லின் கடைசியில் வரும் மெய்யொலி அழுத்தமானதா மென்மையானதா என்று பிரித்துக் கேட்க வேண்டிய தேவை தமிழ்க் காதுக்கு வந்ததே இல்லை.

சீனப் பிள்ளைக்கு வேறு தொல்லை. மாண்டரினில் அசை உயிரொலியில் முடியும், இல்லாவிட்டால் 'ன்', 'ங்' மாதிரி மூக்கொலியில் முடியும். சிரம்பான், ஜெலுபு பக்கம் வீடுகளில் பேசும் கண்டோனீசிலும் ஹக்காவிலும் 'க்', 'ட்', 'ப்' கடைசியில் வருவதுண்டு. ஆனால் வாய் மூடியதோடு சரி, ஒலி வெளியே விடுபடாது. ஆங்கிலத்திலோ நடக்கிறார்களா, நடந்தார்களா என்பதே கடைசியில் ஒட்டும் ஒரு 'ட்' ஒலியில் இருக்கிறது. ஒருமை பன்மை ஓர் 'ஸ்' ஒலியில் இருக்கிறது. அச்சில் அந்த எழுத்து கண்ணெதிரே நிற்கும், திரும்பத் திரும்பப் பார்க்கலாம். காற்றில் வந்தால் அரை நொடி. 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' என்று பதின்மூன்றையும் முப்பதையும் பிரித்தறிய வைப்பது கேட்டல் தேர்வுகளில் பழைய கண்ணி. அதில் மாட்டாத இனம் கிடையாது.

இவை பயிற்சியால் தீரும் சிக்கல்கள். ஆனால் தேர்வில் வராததைப் பள்ளியில் யார் பயிற்றுவிப்பார்? ஆசிரியரைக் குறை சொல்லிப் பயனில்லை. நாற்பது பேர் வகுப்பு, ஆண்டு முடிவில் சுருக்கம் எழுது, கட்டுரை எழுது என்று வரும் தாள். அவர் அதற்குத்தான் தயார் செய்வார். எஸ்.பி.எம்.மில் பேச்சு, கேட்டல் போன்றவற்றைப் பள்ளியளவிலான வாய்மொழித் தேர்வு பார்த்துக்கொள்ளும் என்று விட்டிருந்தார்கள். அதன் மதிப்பெண் ஆங்கிலத் தாளின் தரத்தை அசைக்கவில்லை. அசைக்காத ஒன்றுக்குப் பெற்றோர் டியூஷன் வைப்பார்களா?

மாற்றம் மேலிருந்து கீழே வந்தது. பல்கலைக்கழகம் போக விரும்புவோருக்கான முயேட் தேர்வு 1999-இல் தொடங்கியபோதே அதில் கேட்டல் இருந்தது. ஆனால் அப்போது அதற்கு வாசிப்பைவிட மிகக் குறைந்த பங்கு. 2021-இல்தான் நான்கு திறனுக்கும் சம பங்கு வந்தது. 2013-இல் கல்வியமைச்சு, பாலர் பள்ளி முதல் படிவம் ஆறு வரை மாணவர்களின் ஆங்கிலத்தைக் கேம்பிரிட்ஜ் நிறுவனத்தைக் கொண்டு நான்கு திறன்களாகப் பிரித்து அளந்து பார்த்தது. நகரத்துப் பள்ளிக்கும் வெளியூர்ப் பள்ளிக்கும் உள்ள இடைவெளி அதில் தெரிந்தது. 2014-இல் மூன்றாம் படிவத்துப் பி.டி.3 தேர்வில் கேட்டலும் பேச்சும் வந்தன. அந்தத் தேர்வே 2022-இல் நீக்கப்பட்டுவிட்டது. இதற்கிடையில், 2016 முதல் எஸ்.பி.எம். சான்றிதழுக்கு ஆங்கிலத்தில் தேர்ச்சி கட்டாயம் என்று ஓர் அறிவிப்பு வந்தது. பழைய கேம்பிரிட்ஜ் காலத்துக் கறார் திரும்பப் போகிறது என்று பல பெற்றோர் கலங்கினர். 2015-இல் அது தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்தது நல்லதுதான். காதுக்குச் சோறு போடாமல் காதைத் தண்டிப்பது நியாயமில்லை.

இன்று தோட்டத்துப் பிள்ளையின் நிலைமையும் முன்போல் இல்லை. லயங்கள் பல இடிக்கப்பட்டுவிட்டன. தோட்டத்தின் பெயரைச் சுமந்துகொண்டு பள்ளி மட்டும் வீடமைப்புப் பகுதிக்கு நடுவே நிற்கும் இடங்கள் உண்டு. கைப்பேசியில் உலகத்து ஆங்கிலம் எல்லாம் கேட்கிறது. அமெரிக்கரின் ஆங்கிலம், ஸ்காட்லாந்துக்காரரின் ஆங்கிலம் என்று கேட்டுப் பழகிய பிள்ளைகள் தமிழ்ப்பள்ளியிலும் சீனப்பள்ளியிலும் இருக்கிறார்கள். கைப்பேசிக்கு டேட்டா வாங்க முடியாத வீட்டுப் பிள்ளைக்கு, எஸ்.பி.எம். மண்டபத்து ஒலிபெருக்கிதான் அந்நியக் குரலில் வரும் முதல் நீண்ட ஆங்கிலமாக இருக்கக்கூடும். அந்த நேரம் பார்த்து மழை பிடித்துத் தகரக் கூரையில் கொட்டினால் எந்த மொழியும் கேட்காது.

ஒரு காலத்தில் ரப்பரும் செம்பனையும் நின்ற நீலாய் வட்டாரத்தில் இப்போது பல்கலைக்கழகங்களும் கல்லூரிகளும் இருக்கின்றன. வெளிநாட்டு மாணவர்களும் அங்கே வந்து படிக்கிறார்கள். சீன நாட்டிலிருந்து உயர்நிலைப்பள்ளி முடித்து வருகிறவர்களும் அவர்களில் உண்டு. கேட்டல், வாசிப்பு, எழுத்து, பேச்சு என்று நான்கும் அடங்கிய ஐயெல்ட்ஸ் மாதிரித் தேர்வில் மதிப்பெண் குறைந்தால், பட்டப்படிப்பு தொடங்குமுன் அவர்கள் சில மாதங்கள் ஆங்கிலம் மட்டுமே படிக்கிறார்கள். காலை முதல் மாலை வரை கேட்பது, பேசுவது, வாசிப்பது, எழுதுவது. அறுபதுகளில் சிரம்பான் பள்ளிகளில் லயத்துப் பிள்ளைக்கும் புதுக்கிராமத்துப் பிள்ளைக்கும் நடந்த புகுமுக வகுப்பும் ஏறக்குறைய இதே வேலையைத்தான் செய்தது. கல்லூரியில் இதற்குத் தனிக் கட்டணம் உண்டு. அரசாங்கப் பள்ளியில், ஆங்கிலத்திற்கென்று அப்படி ஓர் ஆண்டு 1976-க்குப் பிறகு இல்லை.